வாடகை வீட்டில் கரண்ட் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுக்குமாடி வாடகை வீட்டில் கரண்ட் தொல்லை வந்தால் இரண்டு கேள்விகள் சேர்ந்தே வரும்: எது கெட்டது, யார் சரிசெய்வது. முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதற்குப் போனால் ஓனரோடு வாய்த்தகராறுதான் மிச்சம். பிளக்குக்கு இந்தப் பக்கம் இருக்கும் பொருள் உங்களுடையது, அந்தப் பக்கம் சுவருக்குள் போகும் ஒயர் அவருடையது. பெரும்பாலான தகராறுகளை இந்தக் கோட்டை வைத்தே தீர்த்துவிடலாம். கீழே வரும் கணக்குகள் 230 வோல்ட் வரும் வீடுகளுக்கானவை.

எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாகவே அணையும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது. ஓனரைக் கூப்பிடுவதா, நானே பார்ப்பதா?

முதலில் நீங்களே பாருங்கள். திருப்புளி எதுவும் தேவையில்லை.

எம்சிபி விழ இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, லோடு அதிகம். அப்போது உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைந்து எம்சிபியை விழவைக்கும். இதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இன்னொன்று ஷார்ட், அதாவது இரண்டு ஒயர்கள் நேரடியாக ஒட்டிக்கொள்வது. அதற்கு உள்ளே ஒரு காந்தச் சுருள் இருக்கிறது. தூக்கிவிட்ட நொடியிலேயே டப்பென்று விழும். ஆக, எப்போது விழுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

லோடு கணக்கு எளிது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட் ஹீட்டர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் 2000 வாட் கெட்டிலும் ஓடினால் 17.4. 16 ஆம்பியர் எம்சிபி இதற்கு உடனே விழாது, ஒரு மணி நேரம்கூடத் தாங்கும். அதோடு 1500 வாட் அயர்ன் பாக்ஸையும் போட்டால் 24 ஆம்பியர் ஆகிவிடும். எம்சிபியின் அளவைப் போல 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதுதான் அதன் தயாரிப்புத் தரம். 24 அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. இங்கே எம்சிபி தன் வேலையைத்தான் செய்கிறது. ஓனரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஹீட்டரை வேறு அறையில் போடுங்கள்.

லோடு இல்லாமலே விழுகிறதா? அந்த லைனில் உள்ள எல்லா பிளக்கையும் உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். எம்சிபி நெம்புகோலை முதலில் முழுக்கக் கீழே அழுத்திவிட்டு அப்புறம் மேலே தள்ளுங்கள். சில எம்சிபிகளில் விழுந்த நெம்புகோல் நடுவிலேயே நிற்கும். அங்கிருந்து நேராகத் தூக்கினால் பிடிக்காது, கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடுவோம். இப்போது நின்றால், பொருள்களை ஒவ்வொன்றாகச் செருகிப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதில்தான் கோளாறு, செலவும் உங்களுடையது. எல்லாவற்றையும் உருவிய பிறகும் விழுந்தால் சுவருக்குள் பிரச்சினை. அதற்கு மேல் தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அந்த ஷார்ட்டுக்குப் புதிதாகக் கரண்ட் கொடுக்கிறீர்கள்.

"16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டுவிடுகிறேன், இனி விழாது" என்கிறார் எலக்ட்ரீஷியன். சரியா?

தப்பு. எம்சிபி காப்பாற்றுவது உங்கள் மிக்சியையோ டிவியையோ அல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரை. பிளக் பாயிண்டுகளுக்குப் பெரும்பாலும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர்தான் ஓடுகிறது; சில பழைய வீடுகளில் அதைவிட மெல்லியது. அதில் 30 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் மேலே சுற்றிய பிவிசி இளகும், எம்சிபியோ அசையாமல் வேடிக்கை பார்க்கும். ஒயரையும் மாற்றுகிறார் என்றால்தான் பெரிய எம்சிபி. பழைய ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைப்பதும் இதே கதைதான்.

டெஸ்ட் பட்டன் இருக்கும் அந்தப் பெரிய சுவிட்ச் மட்டும் விழுகிறது. அது ஏன்?

அது ஆர்சிசிபி. லோடு அதிகமானாலும் அது கண்டுகொள்ளாது. ஃபேஸில் (கரண்ட் வரும் ஒயர்) போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் (அது திரும்பும் ஒயர்) திரும்பி வருகிறதா என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும். வீடுகளில் வைப்பது பெரும்பாலும் 30 மில்லியாம்பியர் வகை. அந்த அளவுக்குக் கணக்கு இடித்தால், எங்கோ எர்த்துக்கோ (தரைக்குள் இறங்கும் பாதுகாப்பு ஒயர்) ஓர் ஆளின் உடம்புக்கோ கசிகிறது என்று எடுத்துக்கொண்டு துண்டித்துவிடும்.

முதலில் தண்ணீர் புழங்கும் பொருள்களைச் சந்தேகப்படுங்கள்: கெய்சர், வாஷிங் மெஷின், மழை படும் பால்கனி விளக்கு. கெய்சரின் உள்ளே இருக்கும் ஹீட்டிங் காயில் வெடித்திருந்தால், தண்ணீர் சுட ஆரம்பித்ததும் விழும். மழை பெய்யும்போது மட்டும் விழுந்தால் வெளிப்புற விளக்கோ ஈரம் இறங்கும் சுவரோதான். சில நேரம் எந்த ஒரு பொருளும் கெட்டிருக்காது. கம்ப்யூட்டர், டிவி போன்றவை ஒவ்வொன்றும் துளித்துளியாகக் கசியவிடும். எல்லாம் சேர்ந்து எல்லையைத் தொட்டுவிடும்.

தேடும் முறை எம்சிபிக்குச் சொன்னதேதான். ஆனால் இங்கே பிளக்கை உருவுவது இன்னும் முக்கியம். நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஆர்சிசிபி விழும்.

"தொல்லையாக இருக்கிறதே, அதை விட்டுவிட்டு நேராகக் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்கும் எலக்ட்ரீஷியனை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஷாக் அடிக்கும்போது உயிரைக் காப்பாற்றுவதற்கென்றே இருப்பது அது ஒன்றுதான். சில மாதங்களுக்கு ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் ஓனரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

பிளக் பாயிண்ட் சூடாகிறது, மீன் வாடை மாதிரி ஒன்று வருகிறது. ஆனால் எம்சிபி விழவில்லை. காத்திருக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வீட்டு மின்கோளாறுகளில் சத்தமில்லாமல் தீப்பிடிக்க வைப்பது இந்த வகை.

சாக்கெட்டின் உள்ளே பிடி தளர்ந்தாலோ ஸ்க்ரூ லூஸானாலோ அந்த இடத்தில் தடை கூடும். அரை ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். 2000 வாட் ஹீட்டரின் 8.7 ஆம்பியர் அதன் வழியே போனால், அந்தக் கடுகளவு இடத்தில் மட்டும் சுமார் 38 வாட் வெப்பம் உண்டாகிறது. சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்குவதற்கு இவ்வளவுதான் எடுக்கும். சூடாகச் சூடாகப் பித்தளைப் பிடி இன்னும் தளரும், தடை இன்னும் கூடும். ஆனால் லைனில் ஓடும் மொத்தக் கரண்ட் அதே 8.7 ஆம்பியர்தான், கூடவில்லை, எர்த்துக்கும் கசியவில்லை. அதனால் எம்சிபிக்கும் தெரியாது, ஆர்சிசிபிக்கும் தெரியாது. உங்கள் மூக்குதான் அங்கே காவல். சாக்கெட்டிலும் சுவிட்சிலும் உள்ள பிளாஸ்டிக் சூடேறினால் வரும் வாடைதான் அந்த மீன் வாடை. வீட்டில் மீன் இல்லாமல் மீன் வாடை வந்தால் சுவிட்ச் போர்டு பக்கம் போய்ப் பாருங்கள்.

"இதே பாயிண்டில் போன் சார்ஜர் ஒழுங்காக ஓடுகிறதே" என்பார்கள். ஓடும். கரண்ட் பாதியானால் இந்தச் சூடு நாலில் ஒன்றாகிவிடும். சார்ஜருக்குச் சூடே தெரியாது. கனமான பொருளைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்து பிளக்கை உருவி, அதன் பின்களுக்குப் பக்கத்தில் தொட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும் (பின்னை நேரடியாகத் தொட்டுவிடாதீர்கள், சுடும்). வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியாத சூடு, பழுப்பேறிய துளை, பிளக்கின் ஒரு பின் மட்டும் கறுத்திருப்பது, உள்ளே சரசரவென்று சத்தம் என எது இருந்தாலும் அந்த லைன் எம்சிபியை அணைத்துவிட்டு ஓனருக்குச் சொல்லுங்கள். சாக்கெட்டை மாற்றும்போது கருகிய ஒயர் நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி முடுக்கச் சொல்லுங்கள். கருகிய நுனியிலேயே புது சாக்கெட்டை மாட்டினால் அதே சூடு திரும்ப வரும். உங்கள் பிளக்கும் கறுத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அது புது சாக்கெட்டையும் கெடுத்துவிடும்.

புகையோ தீப்பொறியோ வந்துவிட்டால்?

மெயினை அணையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். உலர் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்து, தீயும் சிறிதாக இருந்தால் அடியுங்கள். மெயினை நெருங்க முடியவில்லை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்து தீயணைப்புக்குக் கூப்பிடுங்கள். லிப்டில் இறங்க வேண்டாம்.

யாரையாவது ஷாக் பிடித்துக்கொண்டிருந்தால் அவரைத் தொடக் கூடாது. முதலில் மெயின்; அது கைக்கு எட்டாவிட்டால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைத் தள்ளிவிடுங்கள். மூச்சு இல்லையென்றால் அவசர உதவியைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இதயத் துடிப்பில் கோளாறு இருக்கலாம்.

லேப்டாப்பைத் தொட்டால் சுருக்கென்கிறது, ஃபிரிட்ஜிலும் லேசாக ஷாக் அடிக்கிறது. இரண்டும் ஒன்றா?

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், எர்த் இல்லை. ஆனால் ஆபத்து ஒன்றல்ல. லேப்டாப் சார்ஜரில் இருக்கும் வடிகட்டி கெப்பாசிட்டர்கள், எர்த் இல்லாதபோது உடல்பகுதியில் பாதி வோல்ட்டேஜ்வரை ஏற்றிவிடும். ஓடும் கரண்ட் மிகச் சிறியது, எரிச்சல் மட்டும்தான். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கெய்சர் விஷயத்தில் அப்படி விடாதீர்கள். உள்ளே ஒயர் உடல்பகுதியைத் தொட்டிருந்து, எர்த்தும் அறுந்திருந்தால், அடுத்து ஈரக்கையோடு தொடுபவர்தான் அந்தக் கரண்டுக்கு வழி. பிளக்கை உருவிவிட்டு எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி, எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று துளை இருப்பதாலேயே மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயர் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

மூன்றாவது பின் மற்றவற்றைவிட நீளமாக இருப்பது, அது முதலில் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக. அதை வெட்டிவிட்டு இரண்டு பின்னில் ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

லைட் மங்குவதும் பிரகாசிப்பதுமாக இருக்கிறது. எதைப் பார்ப்பது?

ஒரே ஒரு பல்பு என்றால் பல்பையோ ஹோல்டரையோ பாருங்கள். ஃபிரிட்ஜோ ஏசியோ கிளம்பும் நொடியில் மட்டும் லேசாக மங்கினால், கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் கரண்ட்தான் காரணம். ஒரு நொடிக்கு மேல் நீடிக்காதவரை விடலாம். ஓர் அறை முழுக்க ஆடினால் அந்த லைனில் லூஸ் கனெக்‌ஷன்.

உங்கள் வீட்டில் லைட் கண்ணைப் பறிக்கிறது, பக்கத்து வீட்டில் மங்குகிறது என்றால் ஒரு நிமிடம்கூட யோசிக்காதீர்கள், மெயினை அணையுங்கள். கட்டடத்துக்கு வரும் மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் அறுந்தாலோ தளர்ந்தாலோ இப்படித்தான் ஆகும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கிவிடலாம். டிவி, ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் வரிசையாகப் போகும். இதற்கு ஓனரின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டடத்தைப் பராமரிப்பவருக்கும் மின் விநியோக அலுவலகத்துக்கும் நேராகச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.

பாயிண்டில் எதுவும் ஓடவில்லை, ஆனால் டெஸ்டர் இரண்டு துளையிலும் எரிகிறது!

பயமுறுத்தும் காட்சிதான், விளக்கம் எளிது. நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. அதே லைனில் செருகியிருக்கும் ஏதோ ஒரு பொருளின் வழியாக ஃபேஸ் நியூட்ரல் ஒயருக்குள் ஏறி நிற்கிறது. எல்லா பிளக்கையும் உருவினால் ஒரு துளையில் மட்டும் எரியும். ஓடாத பாயிண்டில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கைவைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சுவருக்குள் இருக்கும் வேலை, ஓனர் பக்கம்.

அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிகிறது.

சுவிட்சில் இருக்கும் சின்ன இண்டிகேட்டர் விளக்கு காரணமாக இருக்கலாம். அல்லது சுவிட்ச் ஃபேஸை வெட்டாமல் நியூட்ரலை வெட்டுகிறது. இரண்டாவது என்றால், பல்பை மாற்றும்போது ஹோல்டரில் கரண்ட் இருக்கும். ஓனரிடம் சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பாயிண்ட் போதவில்லை. எக்ஸ்டென்ஷன் போர்டு வைத்துச் சமாளிக்கலாமா?

சார்ஜர், டிவி, விளக்குக்குச் சரி. ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், ஏசிக்கு வேண்டாம். போர்டிலேயே தாங்கும் அளவு அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்று என்று சங்கிலி போடுவதும், ஒயரைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டுவதும், கார்ப்பெட்டுக்கு அடியில் விடுவதும் சூட்டை அடைத்து வைக்கும் வேலைகள்.

நானே எதெல்லாம் செய்யலாம்?

பல்பு மாற்றலாம், எம்சிபி தூக்கலாம், டெஸ்ட் பட்டன் அழுத்தலாம், பொருள்களை உருவிச் சோதிக்கலாம். போர்டு மூடியைத் திறக்கும் எந்த வேலையும் எலக்ட்ரீஷியனுக்கு விடுங்கள். தெரிந்தவராகவே இருந்தாலும், ஓனர் அனுமதி இல்லாமல் திறந்த போர்டில் பிறகு எது நடந்தாலும் பழி உங்கள் மேல்தான் விழும். இன்னொன்று: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை அணைத்த பிறகும் சில லைன்களில் கரண்ட் இருக்கும். வருகிற எலக்ட்ரீஷியனிடம் இதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பில் திடீரென்று எகிறிவிட்டது. வேறு யாராவது என் கரண்டை எடுக்கிறார்களா?

கண்டுபிடிக்கலாம். மீட்டரில் மின்னும் ஒரு சின்ன விளக்கு இருக்கும், எத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்றும் அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்து, பத்து விநாடிக்கு ஒருமுறை மின்னினால் சுமார் 112 வாட் ஓடுகிறது. இப்போது வீட்டுக்குள் எல்லா பிளக்கையும் உருவி, எல்லா லைட்டையும் அணையுங்கள். இன்வெர்ட்டரையும் மறக்க வேண்டாம், பேட்டரி ஏறிக்கொண்டிருந்தால் அதுவும் இழுக்கும். அப்போதும் மின்னினால் எங்கோ போகிறது. மெயினை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள்: மாடிப்படி விளக்கோ தண்ணீர் மோட்டாரோ நின்றுபோனால் அது உங்கள் மீட்டரில் ஓடுகிறது. மெயின் அணைந்தும் மின்னினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ இழுத்திருக்கலாம். இரண்டையும் வீடியோ எடுத்துக்கொண்டு ஓனரிடம் பேசுங்கள். வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும் என்பதில்லை. கட்டும்போது தெரியாமல் மாற்றிக் கொடுப்பதும் உண்டு.

சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஓனர் கண்டுகொள்ளவில்லை.

எப்படிச் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. "வீட்டில் கரண்ட் சரியில்லை சார்" என்று போனில் சொன்னால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். இப்படி எழுதி அனுப்புங்கள்:

"வணக்கம் சார். நேற்று இரவு 8 மணியிலிருந்து சமையலறை வலப்பக்க பிளக் பாயிண்ட் சூடாகிறது, கருகல் வாடை வருகிறது. எல்லா பிளக்கையும் உருவிப் பார்த்தேன், என் பொருள்களில் கோளாறு இல்லை. அந்த லைனை அணைத்து வைத்திருக்கிறேன். படம் அனுப்பியிருக்கிறேன். நாளைக்குள் எலக்ட்ரீஷியனை அனுப்ப முடியுமா? நானே ஆள் வைத்துச் செய்வதென்றால், அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள உங்கள் சம்மதத்தை இதிலேயே பதிலாக எழுதிவிடுங்கள்."

இடம், நேரம், செய்து பார்த்த சோதனை, படம், கேட்கும் நாள் என எல்லாம் இதில் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தால் அவர் என்ன சொன்னார் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். "சாக்கெட் மாற்றியது" என்பதைவிட "உள் ஒயர் லூஸாகிக் கருகியிருந்தது, சாக்கெட் மாற்றியது" என்ற வரி உங்களுக்குப் பின்னால் உதவும்.

கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். சில இடங்களில் சட்டம் அதற்கு வழி தருகிறது, சில இடங்களில் அதையே காரணம் காட்டிக் காலிசெய்யச் சொல்ல முடியும். ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்பு பற்றிய வரியைப் படியுங்கள், உங்கள் ஊர் வாடகைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை கேளுங்கள், அப்புறம் முடிவெடுங்கள்.

வோல்ட்டேஜ் ஏறி என் டிவி எரிந்துவிட்டது. ஓனர் தருவாரா?

எளிதில் தரமாட்டார். கோளாறு வெளியிலிருந்து வந்திருந்தால் அவருக்கும் அதில் கை இல்லை. மின் விநியோகம் செய்பவரிடம்தான் புகார் போக வேண்டும். ஒயரிங் கெட்டிருப்பதை முன்பே எழுத்தில் சொல்லியிருந்து, அவர் கவனிக்காமல் விட்டார் என்றால் உங்கள் பக்கம் வலுவாகும்.

குடிபோகும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு போன் சார்ஜரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாயிண்டிலும் செருகிப் பாருங்கள். பிளக் தொளதொளவென்று ஆடினால் குறித்துக்கொள்ளுங்கள். கறுத்த துளை, சுவிட்ச் போர்டுக்கு மேலே ஈரக்கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். டிபி பாக்ஸின் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) வெளிக்கதவை மட்டும் திறந்து ஆர்சிசிபி இருக்கிறதா, டெஸ்ட் பட்டன் வேலை செய்கிறதா, எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, எழுதாவிட்டால் நீங்களே ஒட்டிவிடுங்கள். மீட்டர் எண்ணையும் அளவையும் படமெடுத்து அன்றே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.

காலிசெய்யும்போது நான் போட்ட விளக்கு, ஃபேனைக் கழற்றிக்கொள்ளலாமா?

உங்கள் காசில் வாங்கியது என்றால் கழற்றலாம். அங்கே முன்பு இருந்ததைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். அதனால் முதல் நாளே பழைய ஹோல்டரை ஒரு பையில் போட்டுப் பரணில் வையுங்கள். புதிதாக இழுத்த ஒயரையும் பாயிண்டையும் சுவரோடு விட்டுவிடுங்கள். கழற்றிய இடத்தில் ஒயர் நுனி வெறுமனே தொங்கக் கூடாது; கனெக்டர் போட்டு மூடி, எலக்ட்ரீஷியன் கையாலேயே அதைச் செய்யச் சொல்லுங்கள்.